காலியாக ஓடும் கிலோமீட்டர்: சென்னையில் சொந்தக் காரைச் செயலியில் ஓட்டிய அனுபவம்

செயலி வழியாகக் கார் ஓட்டும் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எவ்வளவு வரும்?" என்பதுதான். அதற்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் தயக்கம். இரவு வண்டியை நிறுத்தும்போது கைபேசித் திரையில் தெரியும் தொகையைச் சொன்னால், கேட்பவர் நாளைக்கே கடன் வாங்கி வண்டி எடுத்துவிடுவார். எரிபொருள், டியூ (கடன் தவணை), எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), டயர் எல்லாம் போக மிஞ்சுவதைச் சொன்னால், போட்டிக்கு ஆள் வரக் கூடாதென்று பயமுறுத்துவதாக நினைத்துக்கொள்வார். ஆகவே நான் அவரிடம் வேறொன்றைக் கேட்பேன்: வண்டி ஓடும் மொத்தக் கிலோமீட்டரில் எத்தனை கிலோமீட்டருக்குக் காசு வருகிறது என்று தினமும் எழுதி வைக்கத் தயாரா? சொந்த வண்டிக்காரர் இந்தத் தொழிலில் நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது.

இதற்கு முன் நான் ஒரு டிராவல்ஸில் மாதச் சம்பளத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஐ.டி. நிறுவன ஊழியர்களை இரவு ஷிப்ட் முடிந்து வீட்டில் கொண்டுபோய் விடும் டூட்டி. எரிபொருளும் பழுதுபார்ப்பும் முதலாளியின் பாடு. எனக்குச் சம்பளமும் பேட்டாவும். 2018இல் ஒரு பெட்ரோல் செடான் வண்டியை மஞ்சள் போர்டில் கடனுக்கு எடுத்துச் செயலிகளில் இணைத்தேன். 2020 ஊரடங்கின்போது, மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது பலருக்கும் நினைவிருக்கும். தவணைதான் தள்ளிப்போனது, வட்டி நிற்கவில்லை. ஐந்தாண்டில் முடிய வேண்டிய கடன் அதற்கு மேலும் இழுத்தது. வண்டி ஓடாமல் வாசலில் நின்ற அந்த மாதங்களில்தான் அது ஓடினால் என்ன செலவு, நின்றால் என்ன செலவு என்று உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.

அந்தக் கணக்கின் இன்றைய வடிவத்தை இங்கே தருகிறேன். வண்டிக்கு வண்டி இது கொஞ்சம் மாறும். பெட்ரோலில் எடுத்த வண்டியைப் பிறகு சி.என்.ஜி. எரிவாயுவுக்கு மாற்றிவிட்டேன். சி.என்.ஜி. கிலோ 90 ரூபாயை ஒட்டி விற்கிறது, ஏ.சி. போட்டு நகர நெரிசலில் ஓட்டினால் கிலோவுக்கு 22 கிலோமீட்டர் கிடைக்கிறது. ஆக எரிபொருளுக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 4 ரூபாய். ஆயில் சர்வீஸ், கிளட்ச் பிளேட், பிரேக் பேட், சஸ்பென்ஷன் வேலைகளுக்கு 80 காசு. நான்கு டயரையும் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதில் 40 காசு. இன்சூரன்ஸ், வரி, பர்மிட், எஃப்.சி. எல்லாவற்றையும் கூட்டி ஆண்டு ஓட்டத்தால் வகுத்தால் 70 காசு. பலரும் விட்டுவிடுவது தேய்மானம்: எட்டு லட்ச ரூபாய்க்கு எடுத்த வண்டி, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய பிறகு மூன்றே கால் லட்சத்துக்குத்தான் விலை போகும் என்றால், கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 60 காசு அதன் உடம்பிலிருந்து கரைகிறது. எல்லாம் சேர்த்தால் ஏழரை ரூபாய். இதில் என் உழைப்புக்கு ஒரு பைசாவும் சேரவில்லை, கடன் வட்டியும் சேரவில்லை.

பத்துக் கிலோமீட்டர் சவாரிக்குக் கமிஷன் போக 180 ரூபாய் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்குப் பதினெட்டு ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயணியை ஏற்ற மூன்று கிலோமீட்டர் போய், இறக்கிவிட்ட பின் அடுத்த டூட்டி, அதாவது சவாரி அழைப்பு, விழும் இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் நகர்ந்திருந்தால், வண்டி ஓடியது பதினைந்து கிலோமீட்டர். செலவு 112 ரூபாய் 50 காசு. மிச்சம் 67 ரூபாய் 50 காசு. அதே சவாரிக்குக் காலி ஓட்டம் இரண்டே கிலோமீட்டராக இருந்திருந்தால் மிச்சம் 90 ரூபாய். வாடகை மாறவில்லை, பயணி மாறவில்லை, செயலி காட்டும் வருமானமும் மாறவில்லை. எனக்கு மிஞ்சியது மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஒரு நாள் முழுவதும் இப்படியே சேர்ந்தால் அது ஒரு டியூவின் கணிசமான பகுதி.

இந்தக் கணக்கை எழுதிய பின் என் ஓட்டத்தில் முதலில் மாறியது, டூட்டி இல்லாத நேரத்தில் சுற்றுவதை நிறுத்தியது. "ஓடிக்கொண்டே இருந்தால்தான் டூட்டி விழும்" என்று எங்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. ஒரு சவாரியை முடித்துவிட்டு, கைபேசியைப் பார்த்தபடியே மெதுவாகத் தெருத்தெருவாகப் போகும் வண்டிகளை எந்த மாலையிலும் தி.நகரிலும் வடபழனியிலும் பார்க்கலாம். என் அனுபவத்தில் அப்படிச் சுற்றியதால் டூட்டி சீக்கிரம் விழுந்ததாகத் தெரியவில்லை; எரிவாயு சீக்கிரம் தீர்ந்ததுதான் தெரிந்தது. நிழலாக, அடுத்தவர் வாசலை மறிக்காத ஓர் இடத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்பதற்குச் செலவு எதுவும் இல்லை. முக்கால் மணி நேரம் நின்றும் எதுவும் வரவில்லை என்றால், எங்கே நகர்வது என்று முடிவு செய்து, ஒரே மூச்சில் அங்கே போய்விடுவேன்.

எங்கே நிற்பது என்பது நேரத்தையும் வீடு இருக்கும் திசையையும் பொறுத்தது. நான் குரோம்பேட்டைப் பக்கம் குடியிருக்கிறேன். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்ட வண்டிகள் கோயம்பேட்டுக்கு வராமல் அங்கேயே நிற்கத் தொடங்கிய பிறகு, விடிகாலை வேலை எனக்குச் சாதகமாகத் திரும்பியது. நான்கரை மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினால் காலியாகப் போகும் தூரம் குறைவு, அங்கிருந்து கிடைப்பதோ அண்ணா நகர், பெரம்பூர், அடையாறு என்று நகரத்துக்குள் வரும் நீளமான சவாரிகள். இதே வேலையை மாதவரத்தில் குடியிருக்கும் ஒருவர் செய்ய நினைத்தால் விடிகாலையில் நகரத்தைக் குறுக்காகக் காலியாகக் கடக்க வேண்டும். அவருக்கு சென்ட்ரலும் எழும்பூரும்தான் பொருந்தும். ஆகவே யாரோ ஒரு ஓட்டுநர் நல்ல வருமானம் தரும் இடம் என்று சொன்னால், அவர் வீடு எங்கே என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பழைய மகாபலிபுரம் சாலை வேறு வகை. காலை எட்டரை மணிக்கு வேளச்சேரியிலிருந்து சிறுசேரி சிப்காட்டுக்கு ஒரு சவாரி கிடைத்தால் போகும்போது வாடகை நன்றாகவே இருக்கும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைகளால் சாலை குறுகி, போய்ச் சேரும் நேரம்தான் நீளும். அங்கே இறக்கிவிட்ட பின் திரும்பி வர ஆள் கிடையாது. எல்லா வண்டியும் உள்ளே போகிறது, எந்தப் பயணியும் வெளியே வருவதில்லை. நான் அங்கேயே தங்கிக் காலைச் சாப்பாட்டையும் கண்ணாடி துடைப்பதையும் முடித்துக்கொண்டு, பதினொரு மணிக்கு மேல் நாவலூர், சோழிங்கநல்லூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து மருத்துவமனைக்கும் விமான நிலையத்துக்கும் போகிறவர்களுக்காகக் காத்திருப்பேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போனால் அந்த வாய்ப்பும் குறைவு. திரும்பும் தூரத்தையும் சுங்கச்சாவடிக் கட்டணத்தையும் சேர்த்துப் பார்த்து, வாடகை அதற்கு ஈடாக இருந்தால் மட்டுமே அந்தச் சவாரியை எடுக்கிறேன். வீட்டுக்குத் திரும்பும் திசையைச் செயலியில் குறித்துவைத்தால் அந்தத் திசைச் சவாரிகளை மட்டும் தரும் வசதி உண்டு. அதை ஒரு நாளில் சில முறைதான் பயன்படுத்த முடியும் என்பதால், பகலில் வீணாக்காமல் இப்படிப்பட்ட தொலைவிலிருந்து திரும்பவும் இரவுக் கடைசிச் சவாரிக்கும் வைத்துக்கொள்கிறேன்.

விமான நிலையத்தைப் பற்றிப் புதியவர்களுக்குப் பெரிய கனவு இருக்கும். மீனம்பாக்கத்தில் செயலி வண்டிகள் பல அடுக்கு வாகன நிறுத்தத்தில்தான் பயணிகளை ஏற்ற வேண்டும். டூட்டி வரிசைப்படி வரும். ஒன்றரை மணி நேரம் வரிசையில் இருந்தவருக்கு நங்கநல்லூர் சவாரி விழுந்தால், அதை எடுத்தாலும் நஷ்டம், விட்டால் வரிசையில் இடம் போய்விடும். பகலில் நான் அங்கே நிற்பதில்லை. பயணியை இறக்கப் போன நேரத்தில் வரிசை சிறியதாகத் தெரிந்தால் மட்டும் இருப்பேன்.

இந்த இடத்தில் பயணிகளுக்கு எங்கள்மேல் உள்ள ஒரு மனக்குறையைப் பற்றியும் எழுத வேண்டும். செயலியில் சவாரியை ஏற்றுக்கொண்டவுடன் ஓட்டுநர் அழைத்து, "எங்க டிராப் சார்? கேஷா, ஆன்லைனா?" என்று கேட்கிறார், பதில் பிடிக்கவில்லை என்றால் வருவதே இல்லை. பயணியின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது. ரொக்கமாக வந்தால் அப்போதே எரிவாயு நிரப்பலாம்; செயலிக்குள் வந்த பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும்வரை நம்முடையது அல்ல. மறுபக்கம், ரொக்கச் சவாரிகளையே எடுத்துக்கொண்டிருந்தால் நிறுவனத்துக்குச் சேர வேண்டிய கமிஷன் பாக்கியாக ஏறிக்கொண்டே போய், ஓர் எல்லையைத் தாண்டியதும் டூட்டி வருவது நின்றுவிடும். அதைக் கட்டினால்தான் மறுபடி வரும். ஆகவே கையில் இரண்டு நாள் எரிவாயுவுக்கான பணத்தைத் தனியாக வைத்துக்கொண்டவர் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியதே இல்லை. நான் அப்படி வைத்துக்கொண்ட பின், பயணியை அழைப்பது இரண்டே காரியத்துக்குத்தான்: எந்த வாசலில் நிற்கிறார் என்று கேட்க, பெட்டி எத்தனை என்று கேட்க.

பெட்டியைக் கேட்கும் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2022இல் வண்டிக்கு சி.என்.ஜி. கிட் போட்டேன். அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. பெட்ரோலில் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய் ஆன இடத்தில் நான்கு ரூபாய் ஆனதால், இருபதாயிரம் கிலோமீட்டரில் போட்ட பணம் திரும்பிவிட்டது. ஆனால் சிலிண்டர் டிக்கியில் பாதியை எடுத்துக்கொண்டது. ஒரு விடிகாலையில் கிளாம்பாக்கத்தில், திருநெல்வேலி வண்டியில் வந்து இறங்கிய ஒரு தாயும் மகளும் ஏறினார்கள். இரண்டு பெரிய பெட்டிகள், ஒரு அரிசி மூட்டை, ஒரு எண்ணெய் டின், கட்டைப் பைகள். டிக்கியைத் திறந்ததும் அந்த அம்மா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"என்ன தம்பி, பாதி எடத்த இதுவே அடச்சுக்கிட்டு கெடக்கு? நாங்க சாமான எங்க வைக்க?"

"கேஸ் சிலிண்டர்மா. மூட்டையை இங்க வெச்சுடலாம், ஒரு பெட்டியை முன்சீட்டுல வெச்சுக்கலாம். எண்ணெய் டின்னை மட்டும் நீங்க கால்கிட்ட பிடிச்சுக்கணும்."

மகளுக்கு அது பிடிக்கவில்லை. வேறு வண்டி பார்க்கலாமா என்று தாயிடம் மெல்லக் கேட்டாள். கடைசியில் இரண்டாவது பெட்டியைப் பின்சீட்டில் இருவருக்கும் நடுவே நிறுத்திக்கொண்டு கொளத்தூர்வரை வந்தார்கள். அந்த மாதமே மேலே ஒரு கேரியரும், கட்ட நல்ல நைலான் கயிறும், மழைக்கு ஒரு தார்ப்பாயும் வாங்கிவிட்டேன். புதிதாக சி.என்.ஜி. வண்டி எடுக்கிறவர்கள் பேருந்து நிலையம், ரயில் நிலையம், விமான நிலையம் ஆகியவற்றை நம்பித் தொழில் செய்வதாக இருந்தால் கேரியரை வண்டியோடு சேர்த்தே திட்டமிட வேண்டும். வெளியில் கிட் போட்டால் ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் மாற்றத்தைப் பதிவு செய்ய வேண்டும். பதியாமல் ஓட்டினால் விபத்தின்போது இன்சூரன்ஸ் நிறுவனம் கை விரிக்க அதுவே போதும். சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்து, தேதி பொறித்த தகட்டைப் பொருத்திக்கொள்ள வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் எரிவாயு நிரப்பும் நிலையங்களில் வரிசையும் நீளம், அழுத்தமும் குறைவு. முக்கால் சிலிண்டர்தான் நிரம்பும். இரவு பதினொரு மணிக்கு மேல் நிரப்பிவிட்டு வீட்டுக்குப் போவதே எனக்குத் தோதாக இருக்கிறது.

கமிஷன் முறை அண்மைக் காலத்தில் மாறிவருகிறது. முன்பு ஒவ்வொரு சவாரியிலும் ஒரு சதவீதத்தை நிறுவனம் எடுத்துக்கொண்டது. பெங்களூரில் ஆட்டோக்களுக்காக நம்ம யாத்ரி தொடங்கிவைத்த, சந்தா மட்டும் கட்டிக் கமிஷன் இல்லாமல் ஓட்டும் முறை பிறகு சென்னைக்கும் வந்தது. பெரிய நிறுவனங்களும் அதைப் பின்பற்றத் தொடங்கின. முழு நாள் ஓட்டுகிறவருக்குச் சந்தா நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் காலையில் பணத்தைக் கட்டிவிட்டு மதியம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீடு திரும்பும் நாளில் அந்தத் தொகை போனதுதான். மேலும், சந்தா கட்டிவிட்டோமே என்ற எண்ணம், உடம்பு ஒத்துழைக்காத நேரத்திலும் ஓட்டச் சொல்லும். நான் இரண்டு செயலிகளை மட்டும் வைத்திருக்கிறேன்: ஒன்று சந்தா, ஒன்று கமிஷன். குறைவாக ஓட்டும் நாளில் கமிஷன் செயலியை மட்டும் திறப்பேன். நான்கைந்து செயலிகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருப்பவர்கள், சவாரியை ஏற்றுக்கொண்ட பின் ரத்து செய்வதும் அதனால் ரேட்டிங் குறைவதும் செயலிக் கணக்கு முடங்குவதுமாக அல்லாடுவதைப் பார்க்கிறேன்.

காலி ஓட்டத்தை அரசும் கவனிக்காமல் இல்லை. 2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட, செயலி வாகன நிறுவனங்களுக்கான புதிய வழிகாட்டுதல்களில், குறைந்தபட்சக் கட்டணம் மூன்று கிலோமீட்டருக்காவது இருக்க வேண்டும், அது பயணியை ஏற்ற வரும் காலித் தூரத்துக்கும் எரிபொருளுக்கும் ஈடுசெய்வதற்காக என்று சொல்லப்பட்டிருக்கிறது. சொந்த வண்டியை இணைத்த ஓட்டுநருக்குக் கட்டணத்தில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் சேர வேண்டும். நெரிசல் நேரக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது, குறைத்தாலும் பாதிக்குக் கீழே போகக் கூடாது. ஐந்து லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடும் பத்து லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடும் ஓட்டுநருக்கு எடுத்துத்தர வேண்டும். இவற்றை மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பயணிக்காக மூன்று கிலோமீட்டர் ஈடு போதுமா என்று கேட்டால், போதாது. ஆனாலும் காலித் தூரம் என்று ஒன்று இருப்பதை அரசு ஆவணம் ஒன்று எழுத்தில் ஒப்புக்கொண்டதே எனக்குப் பெரிதாகப்பட்டது. தமிழ்நாட்டில் செயலி சார்ந்த தொழிலாளர்களுக்கென்று 2023 இறுதியில் தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்களுக்கு அதற்கு முன்பிருந்தே ஒரு வாரியம் உண்டு. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்காகவாவது பதிந்து வைப்பது நல்லது.

ஆவணங்களில் தேதி தவறக் கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள், ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன். வாடகை வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி.; தேதி தாண்டினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம். அந்தப் பணத்தைவிடப் பெரியது, எஃப்.சி. இல்லாத நாளில் நடக்கும் விபத்துக்கு இன்சூரன்ஸ் தகராறு வரும் என்பது. வெள்ளை போர்டு வண்டியைப் பயணிகளுக்கு ஓட்டுகிறவர்களுக்கும் இதே ஆபத்துதான். உரிமையாளரே ஓட்டுநராக இருந்தால் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம். பாலிசியைப் புதுப்பிக்கும்போது அது சேர்ந்திருக்கிறதா, வாரிசுப் பெயர் சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்க்க வேண்டும்.

இன்சூரன்ஸில் சென்னைக்காரர்கள் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியது எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் எத்தனையோ வண்டிகள் தெருவிலேயே மூழ்கின. தண்ணீரில் நின்ற வண்டியைப் பார்த்தவுடன் கை தானாகச் சாவிக்குப் போகும். ஸ்டார்ட் செய்தால் உள்ளே போன தண்ணீர் எஞ்சினை முறித்துவிடும், சாதாரண முழுக் காப்பீடு அந்தச் சேதத்துக்குப் பணம் தராது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, படம் எடுத்து வைத்துக்கொண்டு, டோ வண்டிக்குச் சொல்வதுதான் சரி. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடனேயே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் மக்கள் வரிசையாகக் கார்களைக் கொண்டுவந்து நிறுத்தியதைச் சிலர் வேடிக்கையாகப் பேசினார்கள். வண்டிதான் சோறு போடுகிறது என்றால் அது வேடிக்கையாகத் தெரியாது. மழை நாளில் கட்டணம் ஏறும் என்று ஓடுவதிலும் எனக்கு ஒரு வரையறை உண்டு: தண்ணீர் முன் செல்லும் வண்டியின் சக்கரத்தில் பாதியைத் தொட்டால் அதற்கு மேல் போக மாட்டேன். ஏறிய கட்டணம் நூறு இருநூறு, எஞ்சின் வேலை லட்சத்தில்.

உடம்பைப் பற்றி ஓட்டுநர்கள் எழுதுவது குறைவு. இடுப்பு வலியைவிட மோசமானது, சிறுநீரை அடக்கிக்கொண்டு ஓட்டுவது. அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது. வெயில் காலத்தில் அப்படி இருந்தவர்களில் என் கூட்டாளிகள் இருவருக்குச் சிறுநீரகக் கல் வந்தது. எரிபொருள் நிலையங்களில் கழிப்பறை இருக்கிறது. எரிவாயு நிரப்பும் இடத்திலேயே இறங்கிப் போய்விட்டு வருவதை வழக்கமாக்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். 2025இல் அண்ணா நகரிலும் தி.நகரிலும் மாநகராட்சி குளிரூட்டப்பட்ட ஓய்வறைகளைத் திறந்தது நல்ல காரியம், உணவு கொண்டுசெல்லும் தம்பிகளுக்கு நிச்சயம் உதவும். அங்கே காரை எங்கே நிறுத்துவது என்பதுதான் எங்கள் சிக்கல். மத்திய அரசின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களில் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் லாகினில் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். இரண்டு செயலியை மாற்றி மாற்றித் திறப்பவரை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் மணியைப் பார்ப்பதில்லை. ஒரே சிக்னலில் பின்னால் இருப்பவர் இரண்டு முறை ஹார்ன் அடித்து என்னை நகர்த்த வேண்டியிருந்தால் அன்றைய டூட்டியை முடித்துவிடுவேன்.

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யச் சொன்னால் பலர் சிரிப்பார்கள். செயலி வழியாக வரும் தொகையில் நிறுவனங்கள் வரிப் பிடித்தம் செய்வதுண்டு. ஒரு சதவீதமாக இருந்தது 2024 அக்டோபர் முதல் 0.1 சதவீதமானது. தாக்கல் செய்தால்தான் அது திரும்பும். சிறு தொழிலுக்கான உத்தேச வரி முறையில், வங்கி வழி வந்த வரவில் 6 சதவீதத்தையும் ரொக்கத்தில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டினால் போதும், பில்லைச் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு வரி எதுவும் வராது. ஆனால் அடுத்த வண்டிக்கு வங்கியில் கடன் கேட்கும்போது மூன்று ஆண்டுத் தாக்கல் இருந்தால், தனியார் ஃபைனான்ஸின் வட்டியிலிருந்து தப்பலாம்.

எனக்கு அந்த அடுத்த வண்டிக் கேள்வி இப்போது வந்துவிட்டது. எட்டு ஆண்டு முடிந்த வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும், பெயிண்ட், பேட்ச், டிங்கரிங் என்று ஒவ்வொரு முறையும் ஒரு தொகை ஆகும். மின்சாரக் கார் எடுக்கச் சொல்லி விற்பனையாளர்கள் அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள்; 2018 முதல் மின்வாகனங்களுக்குப் பர்மிட் தேவையில்லை என்பதும் உண்மை. ஆனால் பொது சார்ஜரில் யூனிட் 18, 20 ரூபாய் கொடுத்து ஏற்றினால் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்குப் பக்கம் போகிறது, சி.என்.ஜி.யிலிருந்து பெரிய இறக்கம் இல்லை. சார்ஜரைத் தேடிப் போவதும் காலி ஓட்டம்தான். வீட்டில் ஏற்றினால் ஒன்றே கால் ரூபாயில் முடியும். நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். சார்ஜருக்குத் தனி மீட்டர் வைக்க வீட்டு உரிமையாளர் இன்னும் சம்மதிக்கவில்லை. அவர் சம்மதிக்கும்வரை இந்த வண்டிக்கே எஃப்.சி. எடுத்து ஓட்டுவதாக இருக்கிறேன்.